திரை அணைந்த பிறகும் மணி அடிக்க வேண்டும்: ஸ்மார்ட்போனை ஆபீஸ் இன்டர்காமாக மாற்றுவது

போனில் ஒரு ஆப்பைப் போட்டு, எக்ஸ்டென்ஷன் எண்ணைக் கொடுத்து, பக்கத்து மேஜைக்கு அடித்துப் பேசிப் பார்த்தால் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். மறுநாள் காலை பேக்கிங் மேஜையில் கிடக்கும் அதே போனுக்கு ஆபீசிலிருந்து அடித்தால் மணி அடிக்காது. எடுத்துத் திரையைத் தட்டியதும் மூன்று மிஸ்டு கால் வரிசையாக வந்து விழும். வைஃபை போன் திட்டங்கள் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்த இடத்தில்தான். அதனால் முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: போனிலிருந்து வெளியே போகும் அழைப்பைச் சோதனையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்த போனுக்கு உள்ளே வரும் அழைப்புதான் சோதனை.

உதாரணத்துக்கு, திருப்பூரில் மூன்று மாடியில் இயங்கும் ஒரு பின்னலாடை யூனிட்டை எடுத்துக்கொள்வோம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், துணி ஸ்டோர், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 25 எக்ஸ்டென்ஷன். ஒரே நேரத்தில் பேசுவது அதிகம் போனால் ஆறு, எட்டு அழைப்புகள். இதற்கு நடுவில் ஒரு பிபிஎக்ஸ் சர்வர் (எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்ப்யூட்டர்), அழைப்பைத் தாங்கக்கூடிய வைஃபை, தூங்கவிடாமல் அமைத்த போன்கள் என மூன்று அடுக்கு வேண்டும். முதலாவது எளிது, மற்ற இரண்டும்தான் நேரத்தை வாங்கும்.

சர்வர்

ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் போதும். 4 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் 25 எக்ஸ்டென்ஷனுக்குத் தாராளம். ஃப்ரீபிபிஎக்ஸ் 17 என்ற பிபிஎக்ஸ் மென்பொருள், டெபியன் 12 லினக்ஸின் மீது ஓடும், இலவசம். அதன் உள்ளே அழைப்புகளை இணைக்கும் நிரல் ஆஸ்டரிஸ்க். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் வரும் 'சான் சிப்' என்ற பழைய பகுதி (சிப் என்பது நெட்வொர்க் வழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் விதிமுறை) 2023-இல் வந்த ஆஸ்டரிஸ்க் 21-லிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்டென்ஷன் உருவாக்கும்போது 'பிஜேசிப்' வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சர்வருக்கு மாறாத ஐபி கொடுங்கள். போன்களிலும் பெயருக்குப் பதில் அந்த ஐபியையே போடுங்கள். டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) தடுமாறும் நாளில் இன்டர்காமும் சேர்ந்து படுக்காது. சிப் அமைப்புப் பக்கத்தில் செய்ய வேண்டியவை இவை. 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' இடத்தில் உங்கள் ஆபீஸ் ஐபி வரிசைகள் எல்லாம், வைஃபைக்குத் தனி விலேன் (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் அதுவும், இருக்க வேண்டும். டிசிபி (இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் அனுப்பு முறை) போக்குவரத்தை இயக்க வேண்டும். இதை மாற்றினால் ரீலோட் போதாது, ஆஸ்டரிஸ்க்கையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கோடெக் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) வரிசையில் முதலில் ஜி.722, அடுத்து ஏ-லா (ஜி.711-இன் ஒரு வகை). ஜி.722 உள்ளுக்குள் பேசும்போது குரலைத் தெளிவாகத் தரும். தையல் மெஷின் இரைச்சலில் 'பதினேழு', 'பதினெட்டு' குழப்பம் குறையும். இந்தியத் தொலைபேசி இணைப்புகள் ஏ-லா முறையில் இயங்குகின்றன, அமெரிக்காவில் ஜி.711-இன் இன்னொரு வகையான மியூ-லா. வெளிநாட்டு வழிகாட்டிகள் மியூ-லாவை முதலில் போடச் சொல்வது அதனால்தான். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்களை ஆளுக்குக் கொடுக்காமல் இடத்துக்குக் கொடுங்கள். 201 பேக்கிங் மேஜை, 202 துணி ஸ்டோர் என்று இருந்தால், சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனாலும் எண் மாறாது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 'டைரக்ட் மீடியா'வை 'நோ' ஆக்கிவிடுங்கள். குரல் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகாமல் சர்வர் வழியாகப் போகும். கொஞ்சம் சுற்று வழிதான், ஆனால் கோளாறு வந்தால் பார்க்க வேண்டியது ஒரே இடமாகிவிடும்.

பாஸ்வேர்டில் சோம்பல் கூடாது. எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201 என்று வைத்து, ரவுட்டரில் சிப் அழைப்புகள் வரும் 5060 போர்ட்டையும் வெளியே திறந்துவிட்டால், இணையம் முழுக்க அலையும் தானியங்கி நிரல்கள் உங்கள் சர்வரைக் கண்டுபிடித்து, உங்கள் செலவில் வெளிநாட்டு எண்களுக்கு அடிக்கத் தொடங்கும். ஃப்ரீபிபிஎக்ஸ் தானாகத் தரும் நீண்ட பாஸ்வேர்டையே வையுங்கள். கட்டடத்துக்கு உள்ளே மட்டும் பேசுவதற்கு ரவுட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

வைஃபை: வேகம் அல்ல, நேரம்

'நம்மிடம் 300 மெகாபிட் ஃபைபர் இருக்கிறதே' என்பது இங்கே பொருந்தாத பேச்சு. ஜி.711 அல்லது ஜி.722 அழைப்பு ஒன்றுக்கு, குரலோடு ஒட்டிப் போகும் முகவரித் தலைப்புகளையும் சேர்த்து, ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட்தான். பத்து அழைப்புக்கும் 2 மெகாபிட்டைத் தாண்டாது. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் ஒரு திசைக்கு வினாடிக்கு 50 சிறு பாக்கெட்களை (டேட்டாத் துண்டுகளை) அனுப்புகிறது. 20 மில்லிவினாடிக்கு ஒன்று, தவறாமல். வைஃபை சேனல் ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் டேட்டா அனுப்ப முடியும் என்பதால், யாரோ ஒருவர் தொலைவில் நின்று 1 மெகாபிட் வேகத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எடுத்துக்கொள்ளும் காற்று நேரத்தில் உங்கள் குரல் பாக்கெட்கள் வரிசையில் நிற்கும். குரல் விட்டு விட்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆகவே போன்களை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வையுங்கள். 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அதிலேயே புளூடூத்தும், கேன்டீன் மைக்ரோவேவும், பக்கத்து யூனிட்டின் ரவுட்டரும் முட்டிக்கொள்கின்றன. 5-இல் 36 முதல் 48 வரையும், 149 முதல் 165 வரையும் உள்ள சேனல்களைப் பயன்படுத்துங்கள். இடையில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ரேடார் போன்ற எதையாவது கேட்டதாக ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) நினைத்தால் அழைப்பின் நடுவிலேயே சேனல் மாறிவிடும். போன்களும் அந்தச் சேனல்களில் மெதுவாகத்தான் தேடும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 80 வைத்தால் வேகச் சோதனையில் எண் அழகாக வரும், குரலுக்கு ஒரு பயனும் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்கள் ஒன்றையொன்று மிதிப்பதுதான் மிச்சம். 12 மெகாபிட்டுக்குக் கீழான வேகங்களை அணைத்துவிடுங்கள். டபிள்யூஎம்எம் (வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை தரும் வசதி) இயக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பலரும் தலைகீழாகச் செய்வது: சிக்னல் போதவில்லை என்றதும் ஆக்சஸ் பாயின்ட்டின் சக்தியை உச்சத்துக்கு ஏற்றுவது. அது கத்துவது போனுக்குக் கேட்கும். போன் முனகுவது அதற்குக் கேட்காது. திரையில் சிக்னல் கோடு நிறைந்திருக்கும், எதிர்முனையில் குரல் மட்டும் வராது. 5 கிகாஹெர்ட்ஸில் 14 முதல் 17 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அலகு) என்ற அளவில் நிறுத்தி, இடைவெளி விழும் இடத்தில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் போடுவதே சரி.

அளந்து பார்க்க ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போதும். ஆண்ட்ராய்டு 9-லிருந்து ஆப்கள் அடிக்கடி ஸ்கேன் செய்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்'கை அணைக்காவிட்டால், நீங்கள் பார்க்கும் எண் அரை நிமிடம் பழையதாக இருக்கும். போனைக் கையில் உயர்த்திப் பிடித்து அளக்காமல், இடுப்பு உயரத்தில், உடம்புக்குப் பக்கத்தில் வைத்து அளங்கள். பேச வேண்டிய எல்லா இடங்களிலும் -67 டிபிஎம்மோ அதைவிட நல்லதோ (பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது) வர வேண்டும். -75 இருந்தாலும் வாட்ஸ்அப் ஓடும், குரல் ஓடாது. துணி ஸ்டோரைக் காலியாக இருக்கும் நாளில் அளந்து ஏமாறாதீர்கள். இரும்பு ரேக்கும், கூரை வரை அடுக்கிய ரோல்களும் சிக்னலைத் தின்றுவிடும். லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், சரக்கு ஏற்றும் வாசல் மூன்றையும் விடாதீர்கள். நடந்துகொண்டே பேசும்போது அறுவது அங்கேதான்.

நடந்துகொண்டே பேச, எல்லா ஆக்சஸ் பாயின்ட்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே ஐபி வரிசை இருக்க வேண்டும். மாடிக்கு ஒரு ரவுட்டர் வாங்கி ஒவ்வொன்றும் தனி ஐபி வரிசை கொடுத்தால், மாடி மாறியதும் அழைப்பு செத்துவிடும். எந்த ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தாவுவது என்பதை முடிவு செய்வது போன்தான், ஆக்சஸ் பாயின்ட் அல்ல. ஐபோன் -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கியதும் வேறு இடம் தேடத் தொடங்கும்; ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 802.11கே, 802.11வி (பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்களைப் போனுக்குச் சொல்லும் வசதிகள்) இரண்டையும் இயக்குங்கள். தாவலை வேகப்படுத்தும் 802.11ஆர் பற்றி நிறையப் பேசப்படுகிறது; ஒரே பாஸ்வேர்ட் போட்ட சாதாரண டபிள்யூபிஏ2 வைஃபையில் அதன் லாபம் குறைவு, சில பழைய போன்கள் அது இருந்தால் இணையவே மறுக்கும். ஆளுக்கொரு லாகின் உள்ள எண்டர்பிரைஸ் முறை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது அவசியம்.

விருந்தினர் வைஃபையில் போன்களைச் சேர்க்கக் கூடாது. அதில் 'கிளையன்ட் ஐசொலேஷன்' இருக்கும். ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கான நெட்வொர்க்கிற்கே போக விடாதபடி பூட்டியிருந்தால் சர்வரையும் எட்ட முடியாது.

போன்கள்

5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத போனை எடுக்காதீர்கள். பட்ஜெட் போன்களில் 2.4 மட்டும் உள்ளவை இன்னும் புழக்கத்தில் உண்டு. ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் இருப்பது நல்லது. ஆண்ட்ராய்டு 2.3-இல் வந்த உள்ளமைந்த சிப் வசதி ஆண்ட்ராய்டு 12-இல் நீக்கப்பட்டது. அதனால் தனி ஆப் கட்டாயம். லின்போன் இலவசம், திறந்த மூலம். ஜோய்ப்பர், கிராண்ட்ஸ்ட்ரீம் வேவ் போன்றவையும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் போனிலும் அதையே போடுங்கள். ஆளுக்கொரு ஆப் என்றால் கோளாறு பார்ப்பவர் பாடு திண்டாட்டம்.

ஆப்பில் நிரப்ப வேண்டியது நான்குதான்: பயனர் பெயராக எக்ஸ்டென்ஷன் எண், பாஸ்வேர்ட், டொமைன் இடத்தில் சர்வர் ஐபி, டிரான்ஸ்போர்ட் டிசிபி. பதிவுக் காலத்தை (போன் தான் இருக்கும் இடத்தைச் சர்வரிடம் மறுபடி சொல்லும் இடைவெளி) 3600 வினாடியாக விடாமல் 300 ஆக்குங்கள். சர்வர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனால் டிசிபி இணைப்புகள் அறுந்துவிடும். போன் மறுபடி பதிவு செய்யும்வரை அதற்கு அழைப்பு போகாது. 3600 வைத்தால் அந்த இருட்டு ஒரு மணி நேரம் நீளலாம்.

இனி தூக்கம். ஆண்ட்ராய்டு 6-இல் வந்த 'டோஸ்' முறை, அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களின் நெட்வொர்க்கை நிறுத்திவைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு பூட்டு போட்டிருக்கிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து பேட்டரியை 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' ஆக்குங்கள். சாம்சங்கில் 'நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் சேருங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி தனியாக இருக்கும். ஷாவ்மியில் 'ஷோ ஆன் லாக் ஸ்கிரீன்' அனுமதியையும் தேடிக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷன் அனுமதி தனி, 14-லிருந்து முழுத்திரை அறிவிப்பு அனுமதியும் தனி. இந்த இரண்டும் இல்லாவிட்டால் மணி அடிக்கும், எடுக்கும் பட்டன் வராது. கடைசியாக, 'பயன்படுத்தாவிட்டால் நிறுத்து' என்ற பொருளில் உள்ள சுவிட்சை அணையுங்கள். அது அணையாமல் இருந்தால், பல மாதம் திறக்காத ஆப்பின் மைக் அனுமதியை ஆண்ட்ராய்டே பறித்துவிடும்.

ஐபோன் கதை வேறு. அங்கே பின்னணியில் ஆப் விழித்திருக்கவே முடியாது. அழைப்பு வரும்போது ஆப்பிளின் புஷ் சேவை தட்டி எழுப்ப வேண்டும். அதற்குச் சர்வரோ, ஆப் நிறுவனத்தின் இடைச்சர்வரோ புஷ் அனுப்ப வேண்டும். கிரவுண்ட்வயர் போன்ற ஆப்களில் அந்த இடைச்சர்வர் உங்கள் பிபிஎக்ஸை இணையம் வழியாக எட்டியாக வேண்டும். வெளியே எதையும் திறக்காத உள்ளூர் இன்டர்காமுக்கு அது ஒத்துவராது. 25 போனையும் ஆண்ட்ராய்டாகவே வைப்பது மலிவு மட்டுமல்ல, நிம்மதியும்கூட.

சிம் இல்லாத போனையும், சிம் உள்ள போனையும் வேறுவேறாக நடத்த வேண்டும். சிம் இருந்தால், இணையம் இல்லாத வைஃபையைக் கண்டதும் ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அங்கிருந்து உள்ளூர் ஐபியை எட்ட முடியாது, பதிவு போய்விடும். மொபைல் டேட்டாவை அணையுங்கள். அல்லது அந்த வைஃபைக்குக் கொஞ்சமாவது இணையம் விடுங்கள். பேச்சின் நடுவில் சிம்முக்கு அழைப்பு வந்தால் இன்டர்காம் அழைப்பு ஹோல்டுக்குப் போகும் என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள். ஊழியரின் சொந்தப் போனில் போடுவதானால் அவர் சம்மதத்தோடு போடுங்கள், ஷிஃப்ட் முடிந்ததும் மணி அடிக்காதபடி சர்வரில் நேரக் கட்டுப்பாடும் வையுங்கள்.

மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்ணை) வைத்து ஐபி ஒதுக்கினால், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் போலி மேக் காட்டும் என்பதை மறக்காதீர்கள். அந்த வைஃபைக்கு மட்டும் 'போன் மேக்' என்று மாற்ற வேண்டும்.

நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய போனின் பேட்டரி உப்பும். சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் டைமர் வைத்த பிளக் போதும். பின்மூடி லேசாகத் தூக்கினால் அந்தப் போனை அன்றே ஒதுக்கிவிடுங்கள். துணிக் குவியலுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் அல்ல அது.

வெளி லைன்

கட்டடத்துக்கு உள்ளே பேச யாருடைய லைனும் வேண்டாம். வெளியே பேச, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சிப் டிரங்க் (இணையம் வழி வரும் தொலைபேசி லைன்) வாங்கலாம். அல்லது இருக்கும் லேண்ட்லைனை எஃப்எக்ஸ்ஓ கேட்வேயில் (லேண்ட்லைனைப் பிபிஎக்ஸோடு இணைக்கும் பெட்டி) செருகலாம். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் அழைப்பைச் சிம் பாக்ஸ் (பல சிம்களைச் செருகிய கருவி) மூலம் உள்ளூர் எண்ணாக மாற்றுவது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச். 'செலவு மிச்சம்' என்று யார் வந்து சொன்னாலும் வேண்டாம். லைன் மாட்டியதும் 112, 108 இரண்டும் எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் முன்னால் 0 சேர்க்காமலே போகிறதா என்று டயல் விதிகளைப் பாருங்கள்.

கோளாறு வந்தால்

முதலில் *43 அடியுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸின் எதிரொலிச் சோதனை அது. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வரும். தெளிவாக வந்தால் அந்தப் போனிலிருந்து சர்வர் வரை வழி சரி, குறை எதிர்முனையில்.

மணி அடிக்கிறது, எடுத்தால் இரு பக்கமும் நிசப்தம் என்றால், குரல் போகும் யூடிபி 10000 முதல் 20000 வரையான போர்ட்கள் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும், அல்லது டைரக்ட் மீடியா 'யெஸ்' ஆகவே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் மைக் அனுமதியைப் பாருங்கள், பிறகு ஆக்சஸ் பாயின்ட்டின் சக்தியை.

அழைப்பு சரியாக 32 வினாடியில் அறுகிறதா? அது வைஃபை கோளாறு அல்ல. எதிர்முனை போனை எடுத்ததற்கான ஒப்புதல் செய்தி திரும்பிப் போய்ச் சேரவில்லை. சிப் விதிப்படி 32 வினாடி காத்திருந்த பிறகு இணைப்பு துண்டிக்கப்படுகிறது. லோக்கல் நெட்வொர்க்ஸ் பட்டியலில் அந்தப் போனின் ஐபி வரிசை விட்டுப்போயிருக்கும். அதனால் சர்வர் தன் உள்முகவரிக்குப் பதில் வெளிமுகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். வெளி லைனில் மட்டும் இப்படி நடந்தால் ரவுட்டரில் சிப் செய்திகளைத் தானே திருத்தி அனுப்பும் 'சிப் ஏஎல்ஜி'யை அணையுங்கள். உதவி செய்ய வந்து கெடுக்கிற வசதி அது.

ஃபைல் நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் குரல் உடைந்தால் முன்னுரிமைக் குறியைப் பாருங்கள். குரல் பாக்கெட்டுக்கான டிஎஸ்சிபி (பாக்கெட்டில் எழுதப்படும் முன்னுரிமைக் குறி) எண் 46. பல ஆக்சஸ் பாயின்ட்கள் அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் படித்து, 5 என்று எடுத்துக்கொண்டு, வீடியோ வரிசையில் போட்டுவிடும். 46-ஐக் குரல் வரிசைக்கு, அதாவது 6-க்கு, அனுப்பும்படி அமைக்க இடமிருந்தால் அமையுங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில் மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். சர்வர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு பிஓஇ ஸ்விட்சிலிருந்தே (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் ஸ்விட்ச்) கரண்ட் கொடுத்தால் மாடிக்கு மாடி தனி யூபிஎஸ் தேடாமல் தப்பலாம், 802.3ஏஎஃப் வகை பிஓஇ போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தரும், ஸ்விட்சின் மொத்த வாட் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். சாதாரண இன்வெர்ட்டர் கை மாறும் அந்த நொடியில் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆனால், மறுபடி எல்லாம் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும், அதற்குள் சிம் உள்ள போன்கள் வேறு பக்கம் தாவியிருக்கும். கரண்ட் வந்து பத்து நிமிடம் கழித்து, எந்தப் போனையும் தொடாமல், 201-இலிருந்து 225 வரை ஒவ்வொன்றாக அடித்து, அடிக்காத எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.